கொஞ்சம் சீரியஸ்

அம்மா போய்விட்டாள் என்பது மாதேஸ்வரனுக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டில் தயிர்ச்சாதம் போட்டுக்கொண்டிருந்தபோது ராசிபுரத்திலிருந்து அக்கா புருஷன் செல்வராசு மாமா கூப்பிட்டார். “மாப்ள, அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குது. கெளம்பி வந்துருங்க. பதறாதீங்க, வண்டிய மெதுவாவே ஓட்டிக்கிட்டு வாங்க” என்றார், அவ்வளவுதான். அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் போனில் சாவைச் சொல்கிற வழக்கம் கிடையாது. உடம்பு சரியில்லை என்றால் ‘முடியல’ என்பார்கள், மோசமாக இருந்தால் ‘ரொம்ப முடியல’ என்பார்கள், செத்தால்தான் ‘சீரியஸ்’. கேட்கிறவனும் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று நோண்ட மாட்டான். நோண்டினால் எதிரில் இருப்பவர் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். மெதுவாக வா என்றால் இனி வேகமாக வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அர்த்தம். போதாக்குறைக்கு மாமாவின் குரலுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் ஒன்றிரண்டு இல்லை, அடுக்கிலிருந்து பிரித்துப் பிரித்துப் போடுகிற சத்தம். “சரிங்க மாமா” என்று சொல்லி வைத்துவிட்டு, கையிலிருந்த தட்டைப் பார்த்தான். இனி எடுத்து முடிகிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியாது, சோறு கிடைக்காது என்று ஒரு நினைப்பு ஓடியது. உட்கார்ந்து அவ்வளவு சோற்றையும் தின்றான். இன்னொரு கரண்டி வாங்கிக்கூடத் தின்றான்.

அது நடந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இப்போதும் அவன் அதே பார்க்கில்தான், ஒரு சவாரிக்கான வரிசையில் நின்றிருந்தான். முன்னால் சுகந்தி, அவளுக்கு முன்னால் மகள் மிருதுளா. இரும்புக் கம்பிகளை வளைத்து வளைத்துக் கட்டிய பாதைக்குள் சனம் நெளிந்து நெளிந்து நகர்ந்தது; போன திருப்பத்தில் முதுகைக் காட்டியவர்கள் இந்தத் திருப்பத்தில் முகத்தைக் காட்டினார்கள். ஒரு தெலுங்குக் குடும்பத்தின் பெரியவர் ஒவ்வொரு சுற்றிலும் இவனைப் பார்த்துச் சிரித்தார், இவனும் சிரித்தான். தாயைப் பறிகொடுத்தவன் எப்படிச் சிரிக்கிறான் பார் என்று தன்னையே வெளியில் நின்று பார்த்தான், ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை, நன்றாகத்தான் சிரித்தான். தலைக்கு மேலே பெரிய விசிறிகள் தண்ணீர்த் தூறலைக் கலந்து ஊதின. வரிசையின் கடைசியில் ஒரு செயற்கை மலை, அதன் வயிற்றுக்குள் குகை, குகைக்குள் படகு. உள்ளே இருட்டில் சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசியில் மலையின் வாய் வழியாகத் தொபுக்கடீர் என்று கீழே விழும். இத்தனை உயரம் இருந்தால்தான் ஏற்றுவோம் என்று வாசலில் கோடு போட்டிருந்தார்கள். போன வருஷம் இதன் வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து மிருதுளா கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று அளந்துகொண்டே இருந்தவள். இன்றைக்குக் காலையில் அந்தக் கோட்டைத் தாண்டித் தலை நின்றதும் அவள் கத்திய கத்தலுக்குக் காவலுக்கு நின்றவர்கூடக் கை தட்டினார். அந்தப் பிள்ளையிடம் போய் எதைச் சொல்வது. ஒரு சவாரி, ஒரே ஒரு சவாரி, அது முடிந்ததும் சொல்லிவிடலாம், அறையைக் காலி பண்ணிவிட்டுப் பொழுது சாயக் கிளம்பினால் சாமத்துக்குள் போய்விடலாம். கொள்ளி வைக்கிறவன் வராமல் எடுக்க மாட்டார்கள். ஒரே மகன். ஐஸ் பெட்டி வந்திருக்கும். செல்வராசு மாமா இதிலெல்லாம் கெட்டிக்காரர், பந்தல்காரனிலிருந்து பறைக்காரர் வரைக்கும் எல்லாருடைய நம்பரும் வைத்திருப்பார்.

பெங்களூரைத் தாண்டி ஒரு ஏரிக்கரையில் இருந்த இந்த இடத்துக்கு ஆறு நாள் பயணம். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு நாளில் பார்த்துவிட்டு வருகிற பார்க்குக்குப் போய் எவனாவது ஆறு நாள் உட்காருவானா என்று. மாதேஸ்வரனுக்குப் பல்லடத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் போடுகிற வேலை. எந்த ஆளை எவ்வளவு நேரம் நிற்க வைத்தால் மறுநாள் வேலைக்கு வருவான், எதற்குமேல் நிறுத்தினால் படுத்துவிடுவான் என்பது அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. ஊர் சுற்றப் போகிறவர்கள் செய்கிற தப்பு என்ன என்று அவன் மில் கேண்டீனில் பிரசங்கமே செய்வான். ஆலாய்ப் பறக்கிறார்கள், முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறார்கள், ரெண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், மூணாம் நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அவன் போட்ட திட்டம் வேறு மாதிரி. முதல் நாள் வெறுமனே சுற்றி நடப்பது. அடுத்த நாள் தண்ணீர் விளையாட்டு, அதுவும் மத்தியானம் வரைக்கும்தான். மூன்றாம் நாள், அதாவது இன்றைக்கு, பெரிய சவாரிகள். நாளைக்கு ஒன்றுமே கிடையாது. அறையில் படுத்துத் தூங்குவது, ஏரியைப் பார்ப்பது. “இவ்வளவு தூரம் வந்து தூங்கறதுக்கு நம்ம வீட்லயே தூங்கலாமேங்க, போர்வையாச்சும் நம்முளுதா இருக்கும்” என்று சுகந்தி கேலி பண்ணினாள். அந்தச் சும்மா இருக்கிற நாள்தான் முழுத் திட்டத்துக்கும் அச்சாணி என்று அவளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறான். நாளைக்குச் சும்மா இருக்கிற நாள். நாளைக் காலையில் எடுப்பார்கள். அம்மா பார்த்துப் பார்த்து நமக்கு ஒழிந்த நாளில் எடுக்கிற மாதிரித்தான் போயிருக்கிறாள் என்று அவன் மனசு சொல்லிற்று. சொன்ன மாத்திரத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். இப்படியும் ஒரு நினைப்பு வருமா, தூ, என்ன பிறவி நான், வந்துவிட்டதே, இனி இதைக் கடைசி வரைக்கும் சுமக்க வேண்டுமே. முன்னாலிருந்தவர்கள் நகர்ந்தார்கள், அவனும் நகர்ந்தான்.

திட்டத்தில் அம்மா இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாள், கடைசியில். வரும்போது சேலம் பைபாஸில் வண்டி ஏறியபோது ராசிபுரத்துக்குத் திரும்புகிற பலகை வந்தது. அரை மணி நேரம். “ஒரு எட்டு பாத்துட்டுப் போயிறலாங்க, அத்தைக்குச் சளி நெஞ்சுல கட்டியிருக்குன்னு பூங்கொடி அண்ணி சொன்னாங்கள்ல” என்று சுகந்திதான் சொன்னாள். அவன், முதல் நாள் களைப்பு ஆகக் கூடாது, ராசிபுரம் போனால் காபி, பலகாரம், அக்கா வீடு என்று அரை நாள் ஓடிப்போகும், திரும்பி வரும்போது நிதானமாக ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம் என்றான். திட்டப்படி அது சரி. பலகை பின்னால் போயிற்று. அதற்கு முன்னால், ஒரு மாதத்துக்கு முன்னால், அம்மா கேட்டாள். வருகிறேன் என்று கேட்கவில்லை, அவள் அப்படிக் கேட்கிற ஆளில்லை. “அங்கல்லாம் உக்கார எடம் இருக்குமா சாமி?” என்றாள். அவன், “எங்கம்மா, நடந்துக்கிட்டே இருக்கோணும், உன் முட்டிக்கு ஆகாது” என்றான். வந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் பெஞ்சு. மரத்தடியில் பெஞ்சு, குளத்தோரம் பெஞ்சு, ஐஸ்கிரீம் கடை முன்னால் பெஞ்சு, காளான் மாதிரி செய்த பெஞ்சு, ஆமை மாதிரி செய்த பெஞ்சு. சக்கர நாற்காலிகூட வாசலிலேயே தருகிறார்கள், அதில் வந்தவர்களைத் தனி வழியாக முன்னால் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் இதைப் பார்த்தபோது சுருக்கென்றது. அடுத்த தடவை கூட்டிவரலாம் என்று அப்போதைக்குத் தள்ளிப் போட்டான். இப்போது கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் யாரோ ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த திருப்பத்தில் அவளே எதிரில் வந்தாள்.

சொல்லிவிடலாமா. சுகந்தியின் முதுகு ஒரு முழ தூரத்தில் இருந்தது. தோளைத் தொட்டு, இந்தா பாரு, அம்மா என்று ஆரம்பித்தால் முடிந்தது. ஆனால் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. அவளுடைய அப்பா பவானியில் இறந்தபோது அவன்தான் அவளிடம் சீரியஸ் என்று சொல்லிக் கூட்டிப்போனான். விஷயம் புரிந்திருக்கும் என்றுதான் நினைத்தான், யாருக்கும் புரியும், அதற்குத்தானே அந்த வார்த்தை. அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள மனசில்லை. பஸ்ஸில் வழி நெடுக வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டு வந்தாள், பண்ணாரியில் தீ மிதிக்கிறேன், முடி இறக்குகிறேன், தாலியில் இருக்கிற தங்கத்தை உண்டியலில் போடுகிறேன் என்று. அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். தெருமுனையில் பந்தலைப் பார்த்ததும் அவள் அலறவில்லை. திரும்பி அவனைத்தான் பார்த்தாள். “தெரிஞ்சும் என்னைய வேண்ட உட்டுட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் அதையேதான் சொன்னாள். செத்த உசுருக்கு நான் சாமிகிட்ட மல்லுக்கு நின்னேனே, என்னைய எல்லாச் சாமியும் பாத்துச் சிரிச்சிருக்கும். இனிமே எங்கிட்ட அந்த வார்த்தையச் சொல்லவே கூடாது. அப்படியானால் நேராக ‘அம்மா செத்துருச்சு’ என்று சொல்ல வேண்டும். அதை அவன் வாய் சொல்லாது. அப்பா போனபோதே அவன் அதைச் சொன்னதில்லை. காலேஜ் விடுதிக்கு வந்த போனில் அவனுக்கும் சீரியஸ்தான் சொன்னார்கள், அவனும் அடுத்த நிமிஷம் தாய்மாமனுக்குப் போன் போட்டு சீரியஸ் என்றுதான் சொன்னான். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் யாரோ, கைக்குப் பிடி வைத்துக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், சுடாமல் தூக்கலாம். இன்னொன்றும் உண்டு. சொன்னால் இந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் இனி ஒன்றும் கிடையாது. வருஷம் திரும்புகிற வரைக்கும் பண்டிகை கிடையாது, கோயில் கிடையாது, ஊர் சுற்றல் கிடையாது. ஒரு சவாரி. செத்தவளுக்கு அவசரமில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத்தான் அவசரம். அம்மாவே இருந்தாலும் இதைத்தான் சொல்வாள், பேத்தி ஆசைப்பட்டதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தாயா, நான் எங்கே போகப் போகிறேன் என்பாள். நன்றாகத்தான் கணக்குப் போடுகிறாய் மாதேசு, பிணத்தின் வாயிலிருந்தே அனுமதி வாங்கிவிட்டாய்.

மீசையைத் தடவினான். நாளைக்கு இந்த நேரம் இது இருக்காது, தலைமுடியும் இருக்காது. ஒரே மகன், அப்பாவுக்குப் போலவே அம்மாவுக்கும் அவன்தான் கொள்ளி. ஆற்றங்கரையில் ஈர வேட்டியோடு நிற்கும்போது முதுகில் வெயில் எப்படி அடிக்கும் என்பது அப்பா காரியத்திலிருந்து இன்னும் தோலில் இருந்தது. அழுகை வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. தொண்டையில் தயிர்ச்சாதத்தின் புளிப்புதான் வந்தது. அழுகையையும் நாமே தள்ளி வைத்துவிட்டோமோ, ஷிப்ட் மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பயந்தான். அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொரு பயம் கிடந்தது. கொஞ்ச நேரமாகவே கிடந்தது. ஒருவேளை, நிஜமாகவே சீரியஸாக இருந்தால்? சீச்சீ. அப்படி இருந்தால் மாமா இப்படியா சொல்வார், உடனே பறந்து வா என்றல்லவா சொல்வார். நாற்காலி சத்தம் கேட்டதே. ஏன், ஆளுங்க பார்க்க வந்தால் நாற்காலி போட மாட்டார்களா? பார்க்க வருகிறவர்களுக்கு அத்தனை நாற்காலியா? ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன. என்ன கேட்பது, மாமா, நீங்க சொன்ன சீரியஸ் எந்த சீரியஸ் என்றா? பின்னால் அக்காவின் ஒப்பாரி கேட்டால்? கேட்டபிறகு இந்த வரிசையில் நிற்க முடியாது. கேட்காத வரைக்கும் நிற்கலாம். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, தான் போன் போடாமல் இருப்பது மாமாவைச் சங்கடப்படுத்தாமல் இருப்பதற்காக இல்லை என்று. தெரிந்தும் போனை எடுக்கவில்லை. கன்னடத்துக் காவலாள் “முந்தே ஹோகி சார், முந்தே” என்று முன்னால் போகச் சொல்லிக் கையை வீசினார். இன்னும் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. படகுகள் வந்து நிற்கிற மேடை தெரிந்தது, நனைந்த சனம் சிரித்துக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தது. மிருதுளா திரும்பிப் பார்த்து, “அப்பா, நீ எம் பக்கத்துலதான் உக்காரோணும், விழும்போது கையப் புடிச்சுக்கோணும்” என்றாள். “சரி கண்ணு” என்றான். வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது.

போன் அடித்தது. பூங்கொடி அக்கா. எடுக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, சவாரி முடிந்து கூப்பிடலாம் என்று. விரல் தானாக எடுத்துவிட்டது.

“எங்கடா வந்துக்கிட்டு இருக்கற? தரும்புரி தாண்டிட்டியா?” அக்காவின் குரலில் அழுகை இல்லை, அவசரம் இருந்தது. “காலையில ஆசுபத்திரியிலயே கைய விரிச்சுட்டாங்கடா, இன்னிக்கு ராத்திரி தாங்காது, வூட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாங்க. கொண்டாந்ததுல இருந்து அம்மா ஒன்னையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்குது. மாமா சொன்னப்பவே கெளம்பிட்டீல்ல? இரு, காதுல வெக்கறேன், ஒரு வார்த்த பேசு.”

காதுக்குள் முதலில் இரைப்பு கேட்டது, வெகு பக்கத்தில், சளி உருளுகிற இரைப்பு. அப்புறம் அதற்குள்ளிருந்து அம்மா வந்தாள். “மாதேசு. எங்க சாமி வர்ற?”

மத்தியானமே கிளம்பியிருந்தால் இந்நேரம் எங்கே இருப்போம் என்று அவன் மூளை கணக்குப் போட்டது, அதற்கு வேறொன்றும் தெரியாது. “கிட்ட வந்துட்டேம்மா” என்றான். “தொப்பூர் கணவாய் எறங்கிட்டேன்.”

“தொப்பூரா” என்றாள். இரைப்பு. “புள்ளைக்கு எதாச்சும்... வாங்கிக் குடு. பசிக்கும்.” அதற்குமேல் வரவில்லை. மறுபடி அக்காதான் வந்தாள். அவள் அவனிடம் பேசவில்லை, போனைப் பிடித்தபடியே அந்தப் பக்கம் பேசினாள். “அம்மா, கேட்டுச்சா? தொப்பூர் வந்துட்டானாமா. ஒரு மணி நேரந்தான். கண்ணத் தொறக்குது பாருங்க! ஏனுங்க, பாருங்க, தொப்பூர்னதும் கண்ணத் தொறக்குது.” யார் யாரோ பேசினார்கள், ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு அவனிடம், தாழ்ந்த குரலில், “புடிச்சுக்கிட்டு இருக்குதுடா ஒனக்காக. வந்துரு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேடையில் படகு வந்து நின்றது. கதவு திறந்தது. மிருதுளா அவன் கையைப் பிடித்து இழுத்தாள், அவன் நகரவில்லை, பின்னாலிருந்தவர்கள் இடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். தொப்பூருக்கே இங்கிருந்து மூன்றரை மணி நேரம், பெங்களூருக்குள் சாயங்கால நெரிசல் வேறு, ஒரு மணி நேரம் கழித்து அக்கா மறுபடி கூப்பிடுவாள், அப்போது எங்கே இருக்கிறேன் என்று சொல்வது, அவள் அதை எப்படி அந்தக் காதில் சொல்வாள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு. ஆறு நாளையும் மணிவாரியாகப் பிரித்து வைத்திருந்த அவனுக்கு இந்த ஒரு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வாய் கோணியது. மத்தியானத்திலிருந்து வராத அழுகை இப்போது வயிற்றிலிருந்து புரண்டு வந்தது, அத்தனை சனத்துக்கு நடுவில், சத்தமாக.

சுகந்தி பதறித் திரும்பினாள். “என்னங்க? ஏங்க, என்னாச்சு? போன்ல யாரு?”

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “அம்மா உசுரோட இருக்குது சுகந்தி. உசுரோடதான் இருக்குது.”

அவள் ஒன்றும் புரியாமல் அவன் முகத்தையே பார்த்தாள். “இருக்கட்டும். அதுக்கு எதுக்குங்க அழறீங்க?”